பெடல் லேசாகிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள்: ஹைட்ராலிக் கிளட்ச் அனுபவம்

கேபிள் கிளட்ச் வைத்த சின்னக் காரை விற்றுவிட்டு, ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள டீசல் செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ஓடோமீட்டர் லட்சத்தைத் தாண்டிவிட்டது. பாதி ஓட்டம் கோவை நெரிசலில், மீதி வால்பாறை ரோட்டில். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் ஒரு பஸ் மாட்டிவிட்டால் இடது காலுக்கு ஓய்வே கிடையாது.

சுகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபிள் வண்டியில் கிளட்ச் பிளேட் தேயத் தேய அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருக்கணும். ஹைட்ராலிக்கில் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில்: பெடலை மிதித்தால் மேலே மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் கீழே கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விலக்கும். இதில் பிளேட் தேய்ந்தால் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் அதற்கேற்ப உள்ளே தள்ளி நின்றுகொள்ளும், அங்கிருந்த ஆயில் மேலே ரிசர்வாயருக்கு (ஆயில் டப்பாவுக்கு) போய்விடும். கால் உணர்கிற இடம் பெரிதாக மாறாது. ஆனால் கேபிள் போகப்போகிறது என்றால் பெடல் கனக்கும், கரகரக்கும், நமக்கே தெரியும். ஹைட்ராலிக் கெடும்போது பெடல் பெரும்பாலும் இன்னும் லேசாகிறது. நாமும் 'ஆஹா' என்று ஓட்டிக்கொண்டிருப்போம்.

என் வண்டியில் முதலில் ரிவர்ஸ்தான் காட்டிக்கொடுத்தது. காலையில் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று ஒரு சத்தம். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் அமைப்பு) இருக்காது என்பதால், பெடலை மிதித்தும் கிளட்ச் இன்ஜினிலிருந்து முழுசாக விலகாவிட்டால் அங்கேதான் முதலில் தெரியும். பிறகு சிக்னலில் ஃபர்ஸ்ட் கியர் விழ மறுத்தது. பெடலை இரண்டு மூன்று தரம் பம்ப் செய்தால் விழும்.

ஒர்க்‌ஷாப்பில் பெடலை ஒரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, "பிளேட் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ இறக்கணும்" என்றார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பிளேட் தேய்ந்தால் வண்டி ஸ்லிப் ஆகும்: ஆர்பிஎம் எகிறும், வண்டி இழுக்காது. என் வண்டி மேட்டில் நன்றாகவே இழுத்தது. இன்ஜினை ஆஃப் செய்தால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்படியென்றால் கிளட்ச் பிடிப்பதில் குறையில்லை, விடுவதில்தான் குறை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

வேறொரு மெக்கானிக் அண்ணன் பொறுமையாகப் பார்த்தார். முன்னால் ஆள் இல்லாத சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுசாக மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டு அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெடலை விடாமலே வண்டி மெதுவாக நகரப் பார்த்தது. உள்ளே பிரஷர் நிற்கவில்லை என்று அர்த்தம். அடுத்து கசிவு. காலடி விரிப்பைத் தூக்கிவிட்டு, பெடலுக்குப் பின்னால் புஷ்ராட் (பெடல் தள்ளுகிற கம்பி) மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழைகிற இடத்தை விரலால் தடவினார். கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டையும் பிதுக்கிப் பார்த்தார். இரண்டும் காய்ந்து கிடந்தன. ரிசர்வாயரில் அளவும் இறங்கவில்லை, ஆனால் ஆயில் கறுத்திருந்தது.

ஆயில் குழாயில் சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்றினோம், அதாவது ஏர் எடுத்தோம். கொஞ்ச நாள் நன்றாக ஓடி, மறுபடி பழைய கதை. வெளியே சொட்டுக்கூட ஒழுகாமல், ஏர் எடுத்தும் நிலைக்கவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். உள் சீல் தேய்ந்து, மிதிக்கிற ஆயில் சீலைத் தாண்டி ரிசர்வாயருக்கே திரும்பிப் போய்விடும். கழற்றிப் பார்த்தால் போரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், கோடு விழுந்திருந்தது. அதில் சில நூறு ரூபாய் ரப்பர் கிட் போட்டாலும் கோடு அதைத் தின்றுவிடும் என்று மாஸ்டரை முழுசாக மாற்றினோம். கையோடு ஸ்லேவ் சிலிண்டரையும். இரண்டும் ஒரே வயசு, ஒரே அழுக்கு ஆயிலைக் குடித்தவை. ஒன்றை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

மாட்டும்போது அண்ணன் அடம்பிடித்தது புஷ்ராடில் விடும் பிளே (சின்ன இடைவெளி) பற்றி. பெடல் மேலேயே பிடிக்கட்டும் என்று ராடை இறுக்கி வைத்தால், பெடலை விட்ட பிறகும் மாஸ்டர் பிஸ்டன் முழுசாகத் திரும்பாது, ரிசர்வாயருக்குப் போகும் துளை மூடியே இருக்கும். வண்டி சூடேறி ஆயில் விரிந்தால் போக வழியில்லாமல் கிளட்சை அழுத்தும்; நல்ல பிளேட்கூட ஸ்லிப் ஆகும். பெடலின் ஆரம்பத்தில் கொஞ்சம் வெறுமனே ஆடத்தான் வேண்டும்.

ஆயில் விஷயத்தில் ரிசர்வாயர் மூடியில் போட்டிருப்பதைத் தாண்டி வேறெதுவும் ஊற்றாதீர்கள். என் வண்டிக்கு டாட் 4 என்ற தர பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இன்ஜின் ஆயில் தவறிப் போனால் ரப்பர் சீல்கள் உப்பிப் போய்விடும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடணும். இன்னொன்று: பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ரிசர்வாயர். கிளட்ச் குழாய் சற்று மேலிருந்து எடுக்கும், அதனால் ஆயில் குறைந்தால் கிளட்ச் முதலில் படுக்கும், பிரேக் தப்பிக்கும். அப்போது வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது ஆபத்து.

என் வண்டியில் ஸ்லேவ் வெளியே இருப்பது அதிர்ஷ்டம். மச்சான் வண்டியில் அது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றி, ரிலீஸ் பேரிங்கோடு (கிளட்சை அழுத்தி விலக்கும் பேரிங்) சேர்ந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் சொட்டியது. தொட்டால் தண்ணீரில் கரைகிறது, கியர் ஆயிலின் கந்தக வாடை இல்லை, பிரேக் ஆயில்தான். அங்கே கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கினபோதே பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் சேர்த்து மாற்றிவிட்டான். இன்னொரு முறை இறக்கும் கூலியை நினைத்தால் அது சரியான முடிவு.

என் வண்டியில் இப்போது கியர் சுத்தமாக விழுகிறது. வெயில் உச்சியில் மட்டும் பெடல் லேசாக ஸ்பாஞ்சு போலிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் பிரஷரில் ஊதிப்போகிறதோ என்று சந்தேகம். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.