முதல் எலக்ட்ரிக் கிட்டார்: பசிஃபிகாவா, ஸ்குவையரா, ஐபனேஸா, எபிஃபோனா? அப்புறம் எந்த ஆம்ப்?

அக்கா பையனுக்கு 15 வயசு. இரண்டு வருஷமாக அகூஸ்டிக்கில் கார்ட்ஸ் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வாசித்துக்கொண்டிருந்தவன் இப்போது எலக்ட்ரிக் வேண்டும் என்கிறான். கிட்டார், ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்), கேபிள், பை எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். மூன்று சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினோம். அதே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பகுதி கிட்டாருக்குப் போகட்டும், ஆம்ப் சின்னதாக இருக்கட்டும், ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு செட்டப்புக்கு (வாங்கிய கிட்டாரை வாசிக்க வசதியாகச் சரிசெய்து வாங்குவதற்கு) என்று தனியாக எடுத்து வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சத்தம் பெரிதாக வரவேண்டும் என்று 50 வாட்ஸ் ஆம்பை வாங்கிவிட்டு, மிச்சம் இருக்கும் காசில் கிடைக்கிற கிட்டாரை எடுத்துக்கொள்கிறார்கள். நான் கற்க ஆரம்பித்தபோது எனக்கும் அப்படி ஒரு கிட்டார்தான் வந்தது. சுருதி சேர்த்து இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் மூன்றாவது கம்பி விலகிவிடும். என் காதில்தான் ஏதோ குறை என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் சின்னப் பட்டை) பள்ளம் சரியாக வெட்டப்படாமல் கம்பி அங்கே சிக்குகிறது என்று காட்டினார். அந்த எட்டு மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. இந்தப் பையனுக்கு அது நடக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

சரி, கிட்டார்களுக்கு வருவோம். இந்த விலையில் நாங்கள் எடுத்துப் பார்த்தவை நான்கு: யமஹா பசிஃபிகா 112ஜே, ஸ்குவையர் அஃபினிட்டி ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஐபனேஸ் ஜியோ வரிசையில் ஜிஆர்எக்ஸ்40, எபிஃபோனின் விலை குறைந்த லெஸ் பால் ஸ்பெஷல்.

ஸ்குவையர் என்பது ஃபெண்டரின் பட்ஜெட் பிராண்ட். 1954-ல் வந்த அதே ஸ்ட்ராட் வடிவம்தான், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், ஒரே சுருள் கொண்ட பாகம்), எந்த பிக்கப் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை ஸ்விட்ச், 21 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்). டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போடாமல் சும்மா ஒரு கார்டைத் தடவினாலே ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும், அந்தத் தெளிவு மற்ற மூன்றிலும் இந்த அளவுக்கு இல்லை. ஆனால் சிங்கிள் காயிலுக்கு ஒரு குணம் உண்டு: சுற்றியிருக்கும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் டியூப்லைட், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் ஓடும் அறையில் கெயினை (ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் குமிழ்) ஏற்றினால் ஒரு விடாத ரீங்காரம் வரும். மெட்டல், ஹார்ட் ராக் வாசிக்க நினைக்கிற பையனுக்கு இது சீக்கிரமே தொந்தரவாகும். இதைவிட விலை குறைவாக ஸ்குவையர் சோனிக் வரிசை இருக்கிறது, 2023-ல் பழைய புல்லட்டுக்குப் பதிலாக வந்தது. காசு நிஜமாகவே இடித்தால் அதுவும் மோசமில்லை.

அந்த ரீங்காரத்துக்கு மாற்றாகத்தான் 1950-களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். இரண்டு காயில்களை எதிரெதிராகச் சேர்த்து, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்வது. எபிஃபோன் லெஸ் பாலில் இரண்டும் ஹம்பக்கர்தான், ஒலி தடிமனாக, அமைதியாக இருக்கும். பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அசையாதது, ஆட்டுகிற கைப்பிடி கிடையாது, அதனால் கம்பி மாற்றுவதும் சுருதி சேர்ப்பதும் புதியவர்களுக்கு எளிது. இன்னொன்று, இதன் ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளம்) 24.75 இஞ்ச், மற்ற மூன்றுக்கும் 25.5. பத்தொன்பது மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றாலும் அதே தடிமன் கம்பி இதில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஃப்ரெட்டுகளும் நெருங்கியிருக்கும். சின்னக் கை, மெல்லிய விரல் என்றால் இதைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். எங்கள் பையனுக்குப் பிடிக்காததற்குக் காரணம் ஒலி இல்லை: ஸ்ட்ராட்டில் இருப்பது போல முதுகுப்பக்கம் வயிற்றுக்கு வளைவாகச் செதுக்கியிருக்காது, உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்ததில் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்றான்.

ஐபனேஸும் பசிஃபிகாவும் நடுவழி. பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள் காயில். ஸ்விட்சைக் கீழே தள்ளினால் ராக், மேலே தள்ளினால் தெளிவான மெலடி. என்ன வாசிக்கப் போகிறோம் என்று இன்னும் தெரியாத வயசில் இதுதான் நியாயமான தேர்வு என்பது என் கருத்து. இரண்டில் ஐபனேஸின் நெக் (கழுத்து) மெலிது, விரல் வேகமாக ஓடும், விலையும் குறைவு. பசிஃபிகாவில் ஆல்டர் மர உடல், நெக் சற்று உருண்டு கைக்குள் நிறைவாக உட்காருகிறது, எடுத்துப் பார்த்த இரண்டு பீஸிலுமே ஃப்ரெட் ஓரங்கள் வழவழப்பாக இருந்தன. நெக்கின் பக்கவாட்டில் கட்டைவிரலை மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஓரம் கீறினால் வேறு பீஸ் கேளுங்கள். கடையில் ஏசி ஓடி மரம் வறண்டு சுருங்கியிருந்தாலும் இப்படி ஃப்ரெட் முனை வெளியே நீட்டும்.

ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரியான மிதக்கும் டிரெமோலோ (கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) போட்ட கிட்டார் எதுவும் முதல் கிட்டாராக வேண்டாம். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும்.

மூன்றாவது சனிக்கிழமை அக்காவும் வந்தாள். அவள் பத்து வருஷம் வீணை கற்றவள், கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வரிசையில் ஒரு கிட்டாரை மடியில் வாங்கி, மூன்றாவது கம்பியை மீட்டினாள், வீணையில் கமகத்துக்கு இழுப்பது போல ஒரு ஸ்வரம் ஏறும்வரை பக்கவாட்டில் இழுத்தாள், விட்டாள், மறுபடி மீட்டினாள். "இறங்கிடுச்சு" என்றாள். ட்யூனரை மாட்டிப் பார்த்தால் உண்மையிலேயே கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், இன்னும் இறங்கியது. அடுத்து பசிஃபிகாவை வாங்கி அதையே நான்கு தடவை செய்தாள், கம்பி பழைய சுருதிக்கே திரும்பி வந்தது. கிட்டார் வாங்கப் போகிறவர்கள் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கம்பி இறங்கினால் பெரும்பாலும் நட்டில்தான் சிக்கல், பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் சில சமயம் சரியாகும், ஆனால் புதுசு வாங்கும்போது அந்த வேலையை நாம் ஏன் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டும்?

கூடவே, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வசதி. அதிகம் என்றால் அதுதான் செட்டப் வேலை: நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்து, பிரிட்ஜை இறக்கி, ஸ்வர ஸ்தானம் பார்த்துத் தருவார்கள். நாங்கள் எடுத்த பசிஃபிகாவுக்கு 1,200 ரூபாய் கொடுத்தோம். அதற்குப் பிறகு அதே கிட்டார் வேறு கிட்டார் மாதிரி ஆகிவிட்டது.

இனி ஆம்ப். அக்கா வீடு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. பையன் ட்யூஷன் முடிந்து வருவதற்கே எட்டரை ஆகிறது. அதனால் எங்களுக்கு முதல் கேள்வி, ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போனில் வாசிக்க முடியுமா என்பதுதான். வாட்ஸ் கணக்கில் மயங்காதீர்கள். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும், படுக்கையறைக்கு 5 வாட்ஸே தாராளம்.

ஃபெண்டர் ஃபிரன்ட்மேன் 10ஜி: 10 வாட்ஸ், 6 இஞ்ச் ஸ்பீக்கர், ஒரு கிளீன் (தெளிவான ஒலி), ஒரு ஓவர்டிரைவ் (கரகரப்பான ஒலி), அவ்வளவுதான். ஸ்குவையர் பேக்குகளில் கூடவே வருவது. கிளீன் ஒலி நன்றாகவே இருக்கும், ஓவர்டிரைவ் எனக்குப் பிடிக்கவில்லை. பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் மினி: 10 வாட்ஸ், சார்ஜ் போடும் பேட்டரி, மொபைல் ஆப்பைத் திறந்தால் எத்தனையோ ஆம்ப் ஒலிகள். ஒலி அருமை, பொய் சொல்ல மாட்டேன். என் தயக்கம் ஆப்தான். பயிற்சி நேரத்தில் போன் கையில் இருக்க வேண்டும் என்பது 15 வயசுப் பையனுக்கு நல்ல ஏற்பாடு இல்லை, கடையில் பத்து நிமிஷம் கொடுத்தபோதே எட்டு நிமிஷம் திரையைத்தான் தடவிக்கொண்டிருந்தான். சுயக்கட்டுப்பாடு உள்ள பெரியவர்கள் தாராளமாக வாங்கலாம். பிற்பாடு நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பது உறுதி என்றால் மட்டும் பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50: 12 இஞ்ச் ஸ்பீக்கர், ஆனால் 0.5 வாட்ஸுக்கு இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. எங்கள் தொகைக்குள் அது அடங்காது.

நாங்கள் எடுத்தது பாஸ் கட்டானா மினி. 7 வாட்ஸ், 4 இஞ்ச் ஸ்பீக்கர், கிளீன், கிரஞ்ச் (லேசான கரகரப்பு), பிரௌன் (கனத்த கரகரப்பு) என்று மூன்றே ஒலிகள், எல்லாமே கையால் திருகும் குமிழ்கள். ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும் என்பதால் கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. குறை என்றால், அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும், கெயினை முழுக்க ஏற்றினால் சின்ன ஸ்பீக்கர் என்பது தெரிந்துவிடும். ஹெட்போன் கட்டாயம் வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாகத்தான் வரும், கை ஓரிடத்திலும் தாளம் ஓரிடத்திலுமாகப் போய்விடும்.

கடையில் எந்த கிட்டாரையும் நீங்கள் வாங்கப்போகிற ஆம்பிலேயே மாட்டித் தரச் சொல்லுங்கள். பெரிய வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் மாட்டினால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

போன வாரம் அங்கே போயிருந்தேன், ராத்திரி பத்தரை இருக்கும். அவன் அறையிலிருந்து கம்பியில் பிக் படும் டிக் டிக் மட்டும் கேட்டது. கூடத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தாளம் ஓடுது பாரு, நடுவுல அவசரப்படறான்" என்றாள்.