பசுந்தேயிலைக் கொள்முதல் திரையில் டேபிள்லேஅவுட்பேனல்: இரண்டு பருவ அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் ஒரு கொள்முதல் நிலையத்துக்கு எடைப்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்து, விண்டோஸ் ஃபார்ம்ஸின் (விண்டோஸ் கணினிக்கான திரைகளை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பு) டேபிள்லேஅவுட்பேனலை, அதாவது திரையின் உறுப்புகளை வரிசை, நெடுவரிசைக் கட்டங்களில் அடுக்கும் பேனலை, அதில் இரண்டு பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மழை விட்டு வெயில் தலைகாட்டும் வாரங்களில் ஒரே மாலையில் 60 பேர் மூட்டைகளோடு வந்து நிற்பார்கள். ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகிவிட்டால் பத்துப் பேர் வருவதே அரிது. எனவே திரையில் எத்தனை வரிசைகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. ஆள் வர வர வரிசையைச் சேர்க்கவும், தவறாகப் பதிந்ததை அப்போதே நீக்கவும் வேண்டும்.

சேர்ப்பதில் இந்தப் பேனல் மிக நன்றாக உழைக்கிறது. 2005-இல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் 2.0-உடன் வந்த பழைய கருவிதான் என்றாலும், கண்ட்ரோலையும் (பெட்டி, பொத்தான் போன்ற திரை உறுப்பு) நெடுவரிசை எண்ணையும் வரிசை எண்ணையும் கொடுத்து ‘ஆட்’ என்று அழைத்தால் அது உரிய கட்டத்தில் போய் அமர்ந்துவிடும். ஜன்னலின் அளவு மாறினாலும் பெயர்ப் பகுதி சதவீதக் கணக்கில் விரிந்து கொடுக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு. வரிசை எண்ணிக்கையான ‘ரோகவுண்ட்’ எண்ணைக் கூட்டினால், வரிசைகளின் உயர விதிகள் இருக்கும் ‘ரோஸ்டைல்ஸ்’ பட்டியல் தானாக வளராது. ஒவ்வொரு வரிசைக்கும் உயர விதியை நாமே சேர்க்க வேண்டும். மேலும், நிலையான உயரம் கொடுத்த வரிசைகளில் கடைசியானது மிச்ச இடம் முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும் என்பதால், அடியில் ஒரு வெற்று வரிசையை எப்போதும் விட்டுவைக்கிறேன்.

நீக்குவதுதான் இதன் பலவீனம். ‘இந்த வரிசையை எடுத்துவிடு’ என்று ஒரே சொல்லில் கேட்க இதில் வழியே இல்லை. முதலில் அந்த வரிசையின் கண்ட்ரோல்களை எடுக்க வேண்டும். பிறகு கீழே உள்ளவற்றை மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, வரிசை எண்ணை மாற்றும் ‘செட்ரோ’ மூலம் ஒரு படி மேலே ஏற்ற வேண்டும். அதன்பின் உயர விதியை நீக்கி, கடைசியாக எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு கண்ட்ரோல்களை இந்தப் பேனல் அனுமதிக்காது என்பதால், வரிசைமுறை தவறினால் ஒருவருடைய எடை அடுத்தவர் பெயருக்கு நேரே போய் நிற்கும். விவசாயியின் கூலி தொங்கும் கணக்கில் அது சின்னப் பிழை அல்ல.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ‘ரிமூவ்’, ‘கிளியர்’ இரண்டும் கண்ட்ரோலைத் திரையிலிருந்து விலக்குமே தவிர, அதன் ஜன்னல் கைப்பிடியை (ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண்) விண்டோஸிடம் திருப்பிக் கொடுப்பதில்லை. பெயர், மொத்த எடை, ஈரக் கழிவு, நிகர எடை, நீக்கும் பொத்தான் என என் வரிசை ஒன்றில் 5 கண்ட்ரோல்கள். 60 வரிசைகளுக்கு 300. ஓடும் ஒரு மென்பொருளுக்கு விண்டோஸ் இயல்பாக ஒதுக்கும் கைப்பிடி வரம்பு 10,000. ஒவ்வொரு சுற்று எடையும் முடிந்ததும் ‘கிளியர்’ மட்டும் செய்துகொண்டிருந்த என் முதல் வடிவம், இடையில் மூடப்படாமல் நாள்கணக்கில் ஓடியபோது, 33 சுற்றுகளைத் தாண்டியதும் புதிய ஜன்னல் கைப்பிடியை உருவாக்க முடியவில்லை என்ற பிழையோடு நின்றது. தீர்வு எளிது: ஒவ்வொரு கண்ட்ரோலின் மீதும், அதை முழுதாக அழிக்கும் ‘டிஸ்போஸ்’ அழைத்தால் போதும், அது பேனலிலிருந்தும் தன்னை விலக்கிக்கொள்ளும். ஆனால் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிச் சுற்றிவர வேண்டும். ‘ஃபார்ஈச்’ என்ற சுழற்சிக் கட்டளை போட்டு முன்னிருந்து சுற்றினால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும்.

60 வரிசைகளையும் ஒரே மூச்சில் நிரப்பும்போது திரை துடிக்கிறது. அடுக்கும் வேலையை நிறுத்திவைக்கும் ‘சஸ்பெண்ட்லேஅவுட்’, அதை மீண்டும் தொடங்கும் ‘ரெஸ்யூம்லேஅவுட்’ இரண்டுக்கும் நடுவில் வேலையை முடித்தால் பெருமளவு அடங்குகிறது. நூற்றுக்கணக்கான வரிசைகள் வருமென்றால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தரவை அட்டவணையாகக் காட்டும் டேட்டாகிரிட்வியூவே அதற்குப் பொருத்தம். வேறு கருவிக்கு மாறினால் நீக்கும் தொல்லை தீரும் என்றும் எண்ண வேண்டாம். திரைகளை அமைக்கும் இன்னொரு கருவித்தொகுப்பான க்யூட்டியின் (Qt) கிரிட் லேஅவுட்டில் ‘ரிமூவ்விட்ஜெட்’ அழைத்த பின்பும் அந்தப் பெட்டி திரையிலேயே நிற்கும். அதை மறைப்பதும் அழிப்பதும் அங்கேயும் நம் வேலைதான்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது டேப் வரிசை, அதாவது டேப் விசையை அழுத்தும்போது கர்சர் ஒவ்வொரு பெட்டியாகத் தாவும் ஒழுங்கு. விட்டுப்போன ஒருவரை நடுவில் நுழைத்தால் அவருடைய கட்டம் சரியான இடத்தில் தெரியும். ஆனால் கடைசியாகச் சேர்ந்தது என்பதால் அந்த ஒழுங்கைக் குறிக்கும் ‘டேப்இண்டெக்ஸ்’ எண்ணிலும் கடைசியாகவே இருக்கும், விசையை அழுத்தினால் கர்சர் அந்த வரிசையைத் தாண்டிப் போய்விடும். எடை பதிபவர் தராசைப் பார்த்தபடியே தட்டுகிறார், திரையைப் பார்ப்பதில்லை. இப்போது ஒவ்வொரு சேர்ப்புக்கும் நீக்கத்துக்கும் பிறகு எல்லா எண்களையும் மேலிருந்து கீழாக மறுபடி எழுதிவிடுகிறேன்.