லென்ஸா, யூவி டார்ச்சா? மலிவு மாணிக்கத்தை வீட்டிலேயே பார்க்க

போன தை மாதம் தங்கச்சி மாப்பிள்ளைக்காக சவுக்கார்பேட்டையில் மாணிக்க மோதிரம் ஒன்று வாங்கினேன். கல் மட்டும் ஐந்து கேரட், விலை 2,500 ரூபாய், நிறம் மாதுளை முத்து மாதிரி. விரலுக்குச் சின்னதாக இருந்ததால் வண்ணாரப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பற்றவைத்து ஆசிட்டில் போட்டு எடுத்ததும் கல் முழுக்கச் சிலந்தி வலை போல வெள்ளைக் கோடுகள். பத்தரைக் குறை சொல்ல முடியாது. கல்லில் இருந்த வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருந்தார்கள், சூடும் ஆசிட்டும் அதை அரித்துவிட்டன. 2004 வாக்கில் சந்தைக்கு வந்த வேலை இது, மலிவு விலைப் பெரிய கற்களில் சர்வசாதாரணம்.

அப்புறம்தான் 10 மடங்கு லென்ஸும் 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச்சும் வாங்கினேன். ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் லென்ஸை வாங்குங்கள்.

டார்ச் சுலபம். விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பெரும்பாலான மாணிக்கங்கள் தணல் மாதிரிச் சிவந்து ஒளிரும், அதிலுள்ள குரோமியம்தான் காரணம். மாணிக்கம் போலவே சிவந்திருக்கும் கார்னெட் கல் ஒளிராது, அதனால் அதைப் பெரும்பாலும் ஐந்து நொடியில் பிரித்துவிடலாம். ஆனால் உலையில் செய்த செயற்கை மாணிக்கமும் ஒளிர்கிறது, பல நேரம் அசலைவிடப் பளிச்சென்று. கெட்டுப்போன என் கல்லும் அடிப்படையில் மாணிக்கம்தானே, அதுவும் அழகாக ஒளிர்ந்தது!

லென்ஸுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை அதற்கு ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்து, செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து மெதுவாகத் திருப்புங்கள். கண்ணாடி நிரப்பிய வெடிப்பு என்றால் ஒரு சாய்வில் சட்டென்று நீலமாக மின்னும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஆரஞ்சு. உள்ளே உருண்டையாகவோ நசுங்கியோ காற்றுக் குமிழிகள் கிடக்கும். மேற்பரப்பிலும் பாருங்கள்: வெடிப்பு வெளியே வரும் இடத்தில் பளபளப்பு மங்கி ஒரு கோடு ஓடும், மாணிக்கம் அளவுக்குக் கண்ணாடி மின்னாது. மோதிரம் நாளைக்குப் பட்டறைக்குப் போனால் தாங்குமா என்பது இந்த மூன்றில் தெரிந்துவிடும், டார்ச்சில் இதில் ஒன்றுகூடத் தெரியாது. செயற்கைக் கல்லில் சில சமயம் இசைத்தட்டின் வரி மாதிரி வளைந்த கோடுகளும் கண்ணில் படும்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பார் என்றும் சொல்வார்கள். கண்ணாடி இருந்தால் அரிக்கும்தான், ஆனால் கல்லும் போச்சு. கடைக்காரர் கல்லில் அதைச் செய்யவும் முடியாது.

கண்ணாடி நிரப்பாமல், நிறம் கூட்ட வெறுமனே சூடு காட்டிய கல்லைக் கண்டுபிடிப்பதில் என் கண்ணை நான் நம்புவதில்லை. உள்ளே பட்டு இழை மாதிரி மெல்லிய ஊசிகள் உடையாமல் இருந்தால் பெரிய சூடு படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால் சந்தேகம். நான் பார்த்தது ஒரு டஜன் கற்கள்தான், இதற்கு அது போதாது. ஆனால் சூடு மட்டும் காட்டிய கல் நிலையானது, போட்டுக்கொள்ள ஒரு பயமும் இல்லை. விலை அதிகம் என்றால் மட்டும் லேபில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

மாப்பிள்ளைக்கு இப்போது ஒரு கேரட்டுக்கும் குறைவான கல்தான், நிறமும் கொஞ்சம் கறுப்பு. கடை வாசல் வெயிலில் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நீல மின்னலும் இல்லை, குமிழியும் இல்லை. ஆனாலும் பத்தரிடம் கல்லைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஊத வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.