ஊட்டியில் ஒரே ஒரு பகல்: குன்னூர்ப் பக்கமா, பைக்காரா பக்கமா?

சொந்த வண்டியில் நீலகிரிக்கு வரும் தம்பதியர் பலர் இரண்டு இரவுகள் தங்குகிறார்கள். ஏறுவதற்கு ஒரு நாளும் இறங்குவதற்கு ஒரு நாளும் போய்விட, முழுதாகக் கையில் நிற்பது ஒரு பகல்தான். அந்தப் பகலில் ஊட்டியிலிருந்து தென்கிழக்கே குன்னூர், லாம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகள் என்று போகலாம். அல்லது கூடலூர் சாலையில் வடமேற்கே பைன் மரக்காடு, காமராஜ் சாகர் அணை, ஒன்பதாவது மைல் என்னும் புல்வெளி, பைக்காரா என்று போகலாம். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று விடுதியில் யாரேனும் சொன்னால் தயவுசெய்து ஏற்க வேண்டாம். நானும் என் மனைவியும் முதல் பயணத்தில் அப்படித்தான் புறப்பட்டோம். பாதிப் பகல் வண்டிக்குள்ளேயே கழிந்தது, பைக்காராவில் படகுக்கான வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பிறகு வந்த இரு பயணங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முழு நாளை ஒதுக்கினோம். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்தால் பைக்காரா எளிது. ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை, அகலமானது, பெரிய இறக்கங்கள் இல்லை. குன்னூரும் அதே அளவு தூரந்தான், 19 கிலோமீட்டர். ஆனால் அங்கிருந்து லாம்ப்ஸ் ராக்குக்கு மேலும் 8, டால்பின் நோஸுக்கு அதையும் தாண்டி 4 கிலோமீட்டர் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் குறுகலான சாலை. எதிரே ஒரு வேன் வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் நகர்ந்துதான் வழிவிட வேண்டும். மலைப் பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மரபு. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல் இரண்டாம் கியரில் இறங்குவதும் அப்படித்தான்.

அந்தச் சிரமத்துக்குக் கிடைக்கும் பலன் பெரிது. லாம்ப்ஸ் ராக்கில் வண்டியை நிறுத்திவிட்டுச் சோலைக்குள் சிறிது தூரம் நடக்க வேண்டும். வேர்கள் படிகளாக ஓடும் ஈரமான பாதை அது. பாறையின் விளிம்பில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றபோது எதிரே வெண்மை தவிர ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் கழித்து மஞ்சு, அதாவது மூடுபனி, கீழிலிருந்து மெல்லக் கிழிந்தது. முதலில் மரத்தலைகளும், பின்னர் சரிவும், கடைசியில் கோவைச் சமவெளியின் வயல்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் மனைவி கையைப் பிடித்து, "என்னங்க, கீழே ஊர் தெரியுது" என்று மெதுவாகச் சொன்னாள். டால்பின் நோஸில் பள்ளத்தாக்குக்கு அப்பால், கோத்தகிரிப் பக்கத்துக் கேத்தரின் அருவி வெள்ளை நூலாகத் தொங்கும். பகல் ஏற ஏறச் சமவெளியின் வெப்பக்காற்று மேலேறி மேகமாகிவிடுவதால், இந்த இரண்டு இடங்களையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். குன்னூர் ஊருக்குள் 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணிக்கு மேல் கிளம்பும் மலை ரயில் பத்தரை மணியளவில் குன்னூரை வந்தடையும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றியபடி நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின்தான். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயில் 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. பயணச்சீட்டு கிடைக்காதவர்களும் அந்த நீராவி மூச்சை நிலையத்தின் அருகில் நின்று கேட்கலாம்.

பைக்காரா பக்கத்தின் அழகு வேறு வகை. அங்கே பார்வை கீழே விழுவதில்லை, பரந்து செல்கிறது. புல்வெளி மடிப்புகள், அவற்றின் இடுக்கில் கருமையாக ஒட்டிய சோலைகள், நீர்த்தேக்கம், அடுக்கடுக்காக இறங்கும் அருவி. புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஆண்டு முழுதும் கசியவிடுவதால்தான் பைக்காரா ஆறு ஓடுகிறது. நீலகிரியின் பழங்குடிகளான தோடர்களுக்கு அது புனிதமான ஆறு. 1932-இலேயே அதன் நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். சாலையோரத்தில் பலரும் படம் எடுத்துக்கொள்ளும் பைனும் தைலமரமும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணின் இயல்பான அழகு புல்வெளியில்தான் இருக்கிறது. ஒன்பதாவது மைலில் சரிவு மென்மையானது. முழங்கால் வலி உள்ளவர்களும் நிதானமாக நடக்கலாம். படகுச் சவாரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டில் ஒன்றைத் தேர்வதில் தூரத்தையும் சாலையையும்விட மாதத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தை நனைக்கிறது. 2019 ஆகஸ்டில் அந்த மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அந்த மாதங்களில் பைக்காராவில் குடைக்குள் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் குன்னூரில் வெயில் அடிப்பதுண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கேத்தி, கோத்தகிரிச் சரிவுகளில் இறங்குகிறது. 2009 நவம்பரில் அந்த வட்டாரத்து நிலச்சரிவுகளில் 40 பேருக்கும் மேல் உயிரிழந்தார்கள். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் அந்தக் குறுகலான சாலையில் யாரும் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜனவரி முதல் மார்ச் வரை இரு பக்கமும் தெளிவாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வண்டிகள் குன்னூர் வழியாகத் திரளும் அந்தச் சீசனில், காலை 7 மணிக்குள் கிளம்ப முடியாதவர்களுக்குப் பைக்காராவே நிம்மதி.

முதல் முறை வரும் தம்பதியர் ஜனவரியில் வந்து என்னைக் கேட்டால், தயங்காமல் குன்னூர் என்பேன். இரண்டாம் முறை வருபவர்களையும், வண்டி ஓட்டுபவர் ஒருவரே என்றால் அவர்களையும் பைக்காராவுக்கு அனுப்புவேன். ஓட்டுபவரும் சாலையிலிருந்து கண்ணை எடுத்து மலையைப் பார்க்க வேண்டுமல்லவா? எந்தப் பக்கம் போனாலும், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே முதல் கட்டாயமான இ-பாஸை ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை உள்ளதால் ஸ்டீல் பாட்டில் ஒன்று வேண்டும். ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் வண்டியில் இருக்கட்டும். வர்க்கியின் மேலடுக்கு மடியில் உதிரும். தேநீரில் நனைத்து உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மாலை 4 மணிக்குத் திரும்பத் தொடங்கினால், மஞ்சு சாலையை மூடுவதற்கு முன் ஊட்டி வந்து சேரலாம்.