மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட்: மூளை அழற்சியில் யார் பங்கு என்ன?

இரண்டும் நியூரான் எனும் நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் மூளைச் செல்கள், ஆனால் பிறப்பே வேறு. மைக்ரோகிளியா கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து மூளைக்குக் குடியேறிய நோயெதிர்ப்புச் செல். ஆஸ்ட்ரோசைட்டோ நியூரானின் பங்காளி. அதற்கும் நியூரானுக்கும் மூலச்செல் ஒன்று.

சும்மா இருப்பதாக நினைத்த மைக்ரோகிளியாவை 2005இல் உயிருள்ள எலியின் மூளைக்குள் பார்த்தார்கள். மெல்லிய கிளைகளை நீட்டுவதும் மடக்குவதுமாக, ஓயாமல் அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது! நினைவிழப்பு நோயான அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதப் படிவத்தைச் சூழ்ந்து விழுங்கப் பார்ப்பதும் இதுதான். டிரெம்-2 என்ற மரபணுவின் சில மாற்றங்கள் உள்ளவர்களுக்கு அல்சைமர் அபாயம் கூடுதல் என்று 2013இல் தெரியவந்தது. அந்த மரபணு மூளையில் வேலை செய்வது முக்கியமாக மைக்ரோகிளியாவில். அதன் வேலை குன்றினால் அபாயம் கூடுகிறது; எனவே மைக்ரோகிளியாவை வில்லன் என்று மட்டும் சொல்வது அநியாயம். ஆனால் அழற்சி அடங்காமல் நீடித்தால், நியூரான்களை இணைக்கும் சினாப்ஸ்களையே தின்னத் தொடங்குகிறது.

ஆஸ்ட்ரோசைட்டின் அன்றாட வேலை, நியூரான்கள் சேதி கடத்தச் சுரக்கும் குளூட்டமேட்டில் மிஞ்சியதை உறிஞ்சுவது, ரத்தக்குழாயை அணைத்து நிற்பது. கெடுவது பெரும்பாலும் சேர்க்கையால். கிளர்ந்த மைக்ரோகிளியா சுரக்கும் மூன்று புரதங்கள் அதை நியூரானைக் கொல்லும் செல்லாக மாற்றுவதை 2017இல் எலிச் செல்களில் காட்டினார்கள். அதனால் மருந்து முதலில் குறிவைக்க வேண்டியது மைக்ரோகிளியாவை என்பேன். ஒழிக்க அல்ல, தணிக்க.