கன்டெய்னர் கடைவீதியா, காலிமனைக் கலையா? கிறைஸ்ட்சர்ச் எடுத்த இரண்டு வழிகள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை 2011 பிப்ரவரி 22 அன்று பகல் 12.51-க்கு நிலநடுக்கம் தாக்கியது. 185 பேர் இறந்தார்கள். நகர மையத்தைச் சுற்றி வேலி போட்டு ராணுவம் காவல் நின்றது. அந்தத் தடுப்பு முழுதாக விலக 2013 ஜூன் இறுதி ஆனது. தானாக விழுந்த கட்டடங்கள் கொஞ்சம், ஆபத்து என்று பிறகு இடித்தவை ஏராளம். கடைசியில் எங்கு பார்த்தாலும் சரளைக்கல் கொட்டிய காலிமனைகள். புதுக் கட்டடங்கள் எழும்பப் பல வருடம் ஆகும். அதுவரை அந்த இடத்துக்கு ஜனங்கள் எதற்காக வருவார்கள்?

இந்தக் கேள்விக்கு அந்த ஊரில் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, கப்பல் சரக்குக் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய ‘ரீஸ்டார்ட்’ கடைவீதி. இன்னொன்று, ‘கேப் ஃபில்லர்’ என்ற குழு காலிமனைகளில் செய்த சின்னச் சின்னப் பொதுக்கலை வேலைகள். இரண்டுக்கும் ‘தற்காலிகம்’ என்றுதான் பெயர். ஆனால் நடந்த விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ரீஸ்டார்ட்டைக் குறைத்துப் பேச முடியாது. நிலநடுக்கம் நடந்து எட்டே மாதத்தில், 2011 அக்டோபர் 29 அன்று, கேஷல் தெருவில் அது திறந்தது. அந்தத் தெருவின் பழைய பெருங்கடையான பாலன்டைன்ஸும் அப்போதே கதவைத் திறந்தது. பல தலைமுறையாக ஊர் ஜனம் துணிமணி வாங்கிய கடை அது. அதைச் சுற்றிப் பளிச்சென்ற நிறங்களில் கன்டெய்னர் கடைகள், காபிக் கடைகள், உட்கார பெஞ்சுகள். வேலிக்கு அந்தப்பக்கம் இடிப்பு வேலை நடந்துகொண்டிருக்க, இந்தப்பக்கம் ஆட்கள் நடமாடினார்கள். வியாபாரிகளுக்குத் தொழில், கடைப்பிள்ளைகளுக்குச் சம்பளம். இதைக் கலை ஒருநாளும் தந்திருக்க முடியாது.

இந்த இடத்தில் கன்டெய்னரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சம்னர் பகுதியில் மலைச்சரிவிலிருந்து உருளும் பாறைகளைத் தடுக்கவும், சாயப்போன பழைய முகப்புகளைத் தாங்கவும் அதே பெட்டிகளைத்தான் அடுக்கினார்கள். பயத்தை நினைவூட்டிய அதே பொருளில் ஜன்னல் வைத்துக் கடை போட்டது நல்ல யோசனை என்று நினைக்கிறேன்.

ஆனால் கடைவீதி என்றால் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, வாடகை, கடன் எல்லாம் உண்டு. வாங்குகிறவருக்கான இடம் அது. கடைநேரம் முடிந்தால் தெருவும் முடிந்தது. நிலமும் அதன் சொந்தம் இல்லை. பக்கத்தில் நிரந்தரக் கட்டடங்கள் எழ ஆரம்பித்ததும் 2014-இல் கன்டெய்னர்களை இடம் மாற்ற வேண்டி வந்தது. 2018 ஜனவரியில் மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் ரிவர்சைடு மார்க்கெட் நிற்கிறது.

கேப் ஃபில்லர் இதற்கும் முன்பே பிறந்தது. 2010 செப்டம்பரில் வந்த முதல் நிலநடுக்கத்தில் சில கட்டடங்கள் போயிருந்தன. அந்த நவம்பரிலேயே கொலம்போ தெருவில் ஒரு காலிமனையில் கொஞ்சம் செடி, கொஞ்சம் இருக்கை, பாட்டு, திறந்தவெளி சினிமா என்று ஆரம்பித்தார்கள். பிப்ரவரிக்குப் பிறகு காலிமனைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மனையில் பழைய ஃபிரிட்ஜை நிறுத்திப் புத்தகங்களை அடுக்கினார்கள். யாரும் எடுக்கலாம், வைக்கலாம். 2012-இல் வந்தது டான்ஸ்-ஓ-மேட்: காசு போட்டால் ஓடும் பழைய துணி துவைக்கும் இயந்திரம், ஒரு நடனத் தளம், விளக்கு, ஸ்பீக்கர். இரண்டு டாலர் நாணயம் போட்டு நம் போனைச் செருகினால் நமக்குப் பிடித்த பாட்டு ஒலிக்கும், ஆட வேண்டியதுதான். நடன அரங்குகள் இடிந்துபோன ஊரில் இது விளையாட்டு இல்லை, தேவை. அந்த நவம்பரில் அப்போதைய இளவரசர் சார்லஸும் கமீலாவும் வந்து ஆடினார்கள்.

அந்த வருடக் கடைசியில் எழுந்த பேலட் பெவிலியன்தான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. சரக்கு அடுக்கும் நீல நிற மரப் பேலட்டுகள் 3,000-க்கு மேல். கட்டியவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இடிக்கப்பட்ட ஒரு ஹோட்டலின் மனையில் கச்சேரி, கூட்டம், சாப்பாட்டு வண்டி என்று ஒரு சபை. ஒரு கோடைக்காலத்துக்கு என்று போட்டது. இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று ஜனங்களே 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2014-இல் பிரித்து எடுத்தார்கள். கடைவீதியைப் போல யாரும் தள்ளிவிடும்வரை காத்திருக்கவில்லை. எப்படிப் பிரிப்பது என்பதும் கட்டும்போதே திட்டத்தில் இருந்தது.

நகரின் கலைக்கூடமும் இதே காலத்தில் வெளியே வந்தது. நிலநடுக்கத்தோடு மூடியது 2015 டிசம்பரில்தான் திறந்தது. இடையில் காட்சிகளைத் தெருவுக்குக் கொண்டுபோனது. 2012-இல் மேட்ராஸ் தெருவின் காலிமனையில் மைக்கேல் பரேகோவாய் செய்த வெண்கலக் காளை நின்றது, ஒரு கிராண்ட் பியானோவின் மேல். சுற்றிலும் இடிபாடு, நடுவில் அந்த மாடு. ஊர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் அதை வாங்க பொதுமக்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

குறையும் உண்டு. மழை பெய்தால் காலிமனையில் ஆள் இருக்காது. தன்னார்வலர்களும் வீடு இடிந்து இழப்பீட்டுக்கு அலைந்தவர்கள்தான். அவர்கள் உழைப்பை இலவசம் என்று கணக்கெழுதுவது நியாயம் இல்லை. இந்தக் கலையால் யாருக்கும் மாதச் சம்பளம் பெரிதாகக் கிடைக்கவும் இல்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? முதல் வருடத்துக்கு மட்டும் என்றால் கடைவீதி. ஜனங்களைத் துணிந்து உள்ளே வரவழைக்க, பழகிய கடை ஒன்று திறந்திருப்பதைவிடப் பெரிய அழைப்பு இல்லை. அதற்கு அப்புறமான நீண்ட வருடங்களுக்கு என் ஓட்டு காலிமனைக் கலைக்கு. கையில் காசில்லாத பையனும், வீடிழந்த பாட்டியும், இரவு ஒன்பது மணிக்கு எங்கே போவது என்று தெரியாதவர்களும் அங்கே இருக்க முடிந்தது.

இதை வேறு ஊர் செய்ய விரும்பினால் முதலில் பார்க்க வேண்டியது காளையையோ பேலட்டையோ இல்லை, ‘லைஃப் இன் வேகன்ட் ஸ்பேசஸ்’ என்ற அறக்கட்டளையை. நில உரிமையாளரிடம் பேசி, கேட்டதும் காலி செய்து தருவோம் என்று ஒப்பந்தம் போட்டு, மனையைக் குழுக்களுக்கு வாங்கிக் கொடுத்தது அது. உரிமையாளருக்குப் பயம் இல்லை, குழுவுக்கு வாடகைச் சுமை இல்லை. இப்படி ஓர் இடைத்தரகர் இருந்ததால்தான் ஒரு மனையில் முடிந்த வேலை அடுத்த மனையில் தொடர முடிந்தது.