ஒரு காதில் இயர்போன், கையில் ஊசி: நான் பார்த்த தொடர்களும் படங்களும்

சுழல் தொடரின் மூன்றாவது எபிசோடு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பட்டு பிளவுஸின் பின்கழுத்தை அரை இஞ்ச் கூடுதலாக இறக்கி வெட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். கத்திரிக்கோல் கையில் இருக்கும்போது போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது என் கடையில் நானே போட்ட சட்டம், நானே மீறினேன். அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, பைப்பிங் கொடுத்து, பின்னால் கயிறும் குஞ்சமும் வைத்துச் சமாளித்தேன், கூலியும் வாங்கவில்லை. அப்படியும் சுழலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே எழுதுவது குழப்பமாக இருக்கும். கடலூர் திருப்பாப்புலியூரில் சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன். போன் நூல் டப்பாவில் சாய்ந்து நிற்கும். வலது காதில் இயர்போன், இடது காது கடைக்கு வருகிறவர்களுக்கு. மெஷின் ஓடும்போது வசனம் பாதிதான் விழும், ஓவர்லாக் ஓடினால் அதுவும் இல்லை. ஹெம்மிங், கொக்கி, புடவைக்கு ஃபால்ஸ் என்று கைவேலை பார்க்கிற மத்தியானம்தான் நல்ல நேரம், ஆனால் அப்போதும் கண் துணி மேலே இருக்கும். ஆக எல்லாப் படத்தையும் நான் முக்கால்வாசி காதால்தான் பார்க்கிறேன். காட்சி அழகு, கேமரா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எந்தப் படம் காதுக்கு உண்மையாக இருக்கிறது, எதில் சும்மா மியூசிக்கைப் போட்டு மிரட்டுகிறார்கள் என்று கேட்டால் சொல்வேன்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் டிவி சீரியல் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறார்கள், கதவைத் திறந்தால் இடி இடிக்கிறது என்று எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் அத்தை ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே ஹாலில் ஓடுகிற சீரியலை ஒரு வரி விடாமல் பின்தொடர்வதைப் பார்த்தால் புரியும். கடுகு வெடிக்கிற சத்தத்தில் முதல் தடவை விழவில்லை என்றால் இரண்டாவது தடவை விழும். இடி இடித்தால் கரண்டியோடு எட்டிப் பார்க்கலாம், இடிக்காத வரைக்கும் அடுப்பைப் பார்க்கலாம். யாருக்காக எடுக்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அந்த வகையில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றால் எதிர்நீச்சல். திருச்செல்வம் இயக்கி 2022 முதல் 2024 வரை சன் டிவியில் வந்தது. படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் உட்கார வைக்கிற ஒரு வீடு, அந்த வீட்டை மிரட்டி ஆளும் மூத்தவர் ஆதி குணசேகரன். அந்த வேஷத்தில் மாரிமுத்து. அவர் ஹாலுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே குரல் நுழைந்துவிடும். எங்கள் அத்தை, வாழ்க்கையில் இந்த மாதிரி நாலைந்து பேரைப் பார்த்தவர், அந்தக் குரல் வந்தாலே வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார், திட்டிவிட்டு மறுநாளும் ஒன்பதரைக்கு ரிமோட்டைத் தேடுவார். 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே உடம்புக்கு முடியாமல் போய் மாரிமுத்து இறந்துபோனார். அன்றைக்கு ராத்திரி அத்தை டிவி முன்னால் உட்கார்ந்தார், ஆனால் திட்டவில்லை. அப்புறம் அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர்தான், ஆனால் சமையலறையில் இருந்து கேட்கிற எங்களுக்கு அது வேறு வீடு. பழைய எபிசோடுகளைத் தேடிப் பார்க்கிறவர்கள் மாரிமுத்து இருக்கிற வரைக்கும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

சரி, சுழலுக்கு வருவோம். 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது, புஷ்கர் - காயத்ரி எழுதியது, 8 எபிசோடு. ஒரு சின்ன ஊர், ஒரு தொழிற்சாலை, அதில் தீ விபத்து, அதே ராத்திரி ஒரு பெண்ணைக் காணவில்லை. இதெல்லாம் நடக்கும்போது ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை, மகா சிவராத்திரி முடிந்ததும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்று தெரியும், சின்ன வயதில் காளி வேஷத்தைப் பார்த்து அம்மா புடவைக்குள் ஒளிந்த ஆள் நான். அந்த உடுக்கையையும் பம்பையையும் இசையமைப்பாளர் சாம் சி.எஸ். விசாரணைக் காட்சிக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறார் பாருங்கள், அதில்தான் என் கத்திரிக்கோல் வழுக்கியது. ஒரு எச்சரிக்கை: குழந்தைகளுக்கு நடக்கிற கொடுமைதான் இதன் மையம், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடாதீர்கள்.

வதந்தி அதற்கு நேர் எதிர், கண்ணை எடுத்துவிட்டுக் கேட்கலாம். 2022 டிசம்பர், அதே பிரைம், ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம். நாகர்கோவில் பக்கம் வெலோனி என்று ஒரு பெண் இறந்துகிடக்கிறாள், அவள் எப்படிப்பட்டவள் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், எஸ்.ஜே. சூர்யா கேட்டுக்கொண்டே அலைகிறார். ஒரு தையல் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு இது எவ்வளவு பழக்கமான விஷயம் என்று நினைக்கிறீர்கள்! அளவு கொடுக்க வருகிறவர், அவர் போனதும் அவரைப் பற்றிப் பேச வருகிறவர், அவரும் போனதும் இன்னொருவர். எஸ்.ஜே. சூர்யா மற்ற படங்களில் கத்துவாரே, அந்தக் கத்தல் இதில் கிடையாது, மூச்சு வாங்குகிற ஒரு சாதாரணப் போலீஸ்காரர். நடுவில் இரண்டு எபிசோடு இழுவைதான். அந்த நேரத்தில் நான் ஆறு புடவைக்கு ஃபால்ஸ் தைத்தேன், கதையில் எதையும் தவறவிட்ட மாதிரித் தெரியவில்லை.

ஜீ5-ல் விலங்கு, 7 எபிசோடு, விமல் சப்-இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனுக்குள் போலீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்வது அப்படியே நிஜம். அதிகம் சொல்ல மாட்டேன், கதை உடைந்துவிடும்.

அதே ஜீ5-ல் இருக்கிற அயலிக்கு மட்டும் நான் மெஷினை நிறுத்தினேன். 2023 ஜனவரி 26 அன்று வந்தது, முத்துக்குமார் இயக்கம். 1990-ல், புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு ஊர். அங்கே பெண் வயசுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் தெய்வக் குற்றம். டாக்டர் ஆக வேண்டும் என்று நினைக்கிற தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். அபி நட்சத்திராதான் தமிழ்ச்செல்வி, அம்மாவாக அனுமோல். பிரசங்கம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், சிரிக்க வைத்துக்கொண்டே போகிறார்கள். சில ஆண்களை ரொம்பக் கார்ட்டூனாக ஆக்கியிருக்கிறார்கள், அது ஒரு குறை.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானம் ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுப் பாவாடை தைக்க வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள். பெண்ணுக்கு 13 வயது இருக்கும். இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடிக்கிறேன், அது மூச்சைப் பிடித்துக்கொண்டு என் போனையே பார்க்கிறது. அம்மா வெளியே போய் யாருக்கோ போன் பேச, மெதுவாக, "அக்கா, அந்த அக்கா கடைசியில மாட்டிக்குமா?" என்றது. எனக்கே தெரியாது, நான் நாலாவது எபிசோடில் இருந்தேன். "இரு, பார்ப்போம்" என்று இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா திரும்பி வந்தவர் உட்கார்ந்தார். எபிசோடு முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. போகும்போது "பாவாடைக்கு உள்மடிப்பு நல்லா தாராளமா விடும்மா, வளர்ற பொண்ணு, ஸ்கூல் ஃபங்ஷனுக்கும் போட்டுக்கட்டும்" என்றார். மூன்று இஞ்ச் விட்டேன்.

ஜெய் பீம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பாருங்கள், பகலில் பாருங்கள், வேலை செய்துகொண்டு பார்க்காதீர்கள். அந்தக் கதையின் நிஜ சம்பவம், போலீஸ் காவலில் ஒருவர் இறந்துபோனது, எங்கள் மாவட்டத்தில் நடந்தது, 1993-ல், விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமம், கம்மாபுரம் காவல் நிலையம். படத்தில் இருளர் என்று காட்டுகிறார்கள், நிஜத்தில் அந்தக் குடும்பம் குறவர் சமூகம். அப்போது வழக்கறிஞராக இருந்து வாதாடிய சந்துரு பின்னால் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார், சூர்யா செய்திருப்பது அவருடைய பாத்திரம். அடிக்கிற காட்சிகளில் துணியைப் பார்த்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். காதுக்கு இமை கிடையாதே. இறந்தவரின் மனைவியாக வரும் லிஜோமோள் ஜோஸ் அழாமல் பேசுகிற இடங்கள்தான் அதைவிடக் கஷ்டம்.

மனசு லேசாக வேண்டும் என்றால் லப்பர் பந்து, ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் தியேட்டருக்கு வந்தது. ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடுகிற இரண்டு பேர், ஒருவர் இன்னொருவருக்கு மாமனார் ஆகப் போகிறார், இரண்டு பேருக்கும் ஆகாது. என் தம்பி ஞாயிற்றுக்கிழமையானால் இதே மாதிரி டோர்னமென்ட் என்று பேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன், அவன் மனைவி, படத்தில் அந்த மாமனாரின் மனைவியாக ஸ்வாசிகா செய்த வேஷத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. மாமனாராக வரும் தினேஷ், படத்தில் விஜயகாந்தின் ரசிகர். விஜயகாந்த் முதல்முதலாக எம்.எல்.ஏ. ஆனது 2006-ல் எங்கள் மாவட்டத்து விருத்தாசலத்தில்தான், அதனால் அவர் பாட்டு வருகிற இடத்தில் என் கடைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் பேன்ட் சுருக்க வந்ததை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் ரௌடிதான் 2015 படம், எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கதை முழுக்கப் பாண்டிச்சேரி. லாஸ்பேட்டையில் இருக்கிற என் தங்கை ஒவ்வொரு தெருவையும் காட்டிக் காட்டிச் சொல்லுவாள், அவளோடு பார்க்கவே முடியாது. எனக்கு அதில் பிடித்தது வேறு. காது கேட்காத பெண்ணாக நயன்தாரா, தமிழில் அவர் தன் சொந்தக் குரலில் முதல்முறை டப்பிங் பேசியதும் அதில்தான். பாண்டிச்சேரியில் ஆரம்பிக்கிற இன்னொரு படம் லைஃப் ஆஃப் பை. முதல் பாட்டு, பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் பாடுகிற தாலாட்டு, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அந்தப் பாட்டுக்கு அப்புறம் போனில் பார்க்காதீர்கள், கடலும் புலியும் கை அகலத் திரையில் அடங்காது.

சந்தா பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஆப்பையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மாதம் ஒன்று, பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்தது. நிறுத்தும்போது தானாகப் பணம் எடுக்கிற அனுமதியையும் சேர்த்து நிறுத்துங்கள். நான் மறந்துபோய் ஒரு ஆப் மூன்று மாதம் என் கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தது, அது ஐந்து பிளவுஸ் கூலி.

கடைசியாக கூழாங்கல். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது, 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, தயாரித்தது மேலே சொன்ன அதே நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். சோனி லிவில் இருக்கிறது. குடிகார அப்பா, சின்னப் பையன், கோபித்துக்கொண்டு போன அம்மாவைக் கூட்டிவரப் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். அவ்வளவுதான். முதலில் வழக்கம்போல இயர்போனை மாட்டிக்கொண்டு கொக்கி தைக்க உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பேச்சே இல்லை, போன் ஹேங் ஆகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால் அந்தப் பையன் நடந்துகொண்டிருக்கிறான். மூடி வைத்துவிட்டேன். அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லாத ஒரு நாளில், மோட்டார் ஓடாது, ஃபேன் ஓடாது, வெட்டலாம் என்றால் வியர்வைக் கை துணியில் படும், வேறு வழியில்லாமல் அதையே போட்டேன். இரண்டு காதிலும் இயர்போன், மடியில் எதுவும் இல்லை. காற்று, செருப்புச் சத்தம், அவ்வளவுதான் வருகிறது, தாகம் எடுக்கிறது. கடைசிக் காட்சியில் தண்ணீர் வருகிறது, எப்படி என்று சொல்ல மாட்டேன். ஒன்றேகால் மணி நேரப் படம். முடிந்தபோது மணி ஒன்றரை, கரண்ட் வர ஐந்து ஆகும், போனில் 11 சதவீதம் சார்ஜ் இருந்தது.